கையை எடுத்தால்தான் கேட்கும்

துறைமுகப் பட்டறை
17 செப்டம்பர் 2023

பிரவீணாவுக்கு அண்ணன் அறிவரசன் எழுதுவது.

என் நம்பரை நீ முடக்கிப் போட்டுவிட்டாய். மாப்பிள்ளையிடம் முறையிட்டால், "அவ கோவம் ஒங்களோட, எனக்கென்ன மச்சான்" என்று நழுவுகிறார். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு இப்போதுதான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். லப்பைக்குடிக்காட்டு ஆள் ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வருகிறார். அவர் பையில் இந்தக் கடிதமும் அம்மாவின் முழங்காலுக்குத் தைலமும் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கோபம் தெரிந்ததுதான். பட்டறையில் என்னோடு வேலை என்று சொல்லித்தான் மாப்பிள்ளையைக் கடல் தாண்டி இந்த வெளிநாட்டுக்குக் கூப்பிட்டேன். வந்த பிறகு பட்டறை முதலாளி பார்த்துவிட்டு, இந்த ஆள் ஸ்க்ரூ டிரைவரை அகப்பை மாதிரிப் பிடிக்கிறார் என்று மீன்பிடிப் படகுக்குத் தள்ளிவிட்டார். பாடாலூரில் லாரிக்குப் பஞ்சர் ஒட்டியவர் கடலில் வலை இழுப்பதில் எனக்கு மட்டும் சந்தோஷமா? ஆனால் கைகழுவி விடவில்லை. அந்தப் படகுக்கு ரேடியோ செட் மாட்டியது நான்தான்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தில் நிதானமாகப் படி. ஆன்டெனாவை எதுவும் மறைக்காத உச்சியில் ஏற்றியிருக்கிறேன். உயரம் இருந்தால்தான் பேச்சு தூரம் போகும். திசைகாட்டிக்குப் பக்கத்தில் செட்டை வைத்தால் ஸ்பீக்கர் காந்தம் முள்ளை இழுக்கும் என்று தள்ளி வைத்தேன். பேட்டரியிலிருந்து தனி ஒயர், நடுவில் ஃபியூஸ், மூட்டுகளில் தண்ணீர் புகாத டேப். முதலாளி வாங்கிக் கொடுத்தது பழைய செட். இப்போது வருகிறவற்றில் ஆபத்துக்கு அமுக்கச் சிவப்புப் பொத்தான் உண்டு, ஒரேயடியாகப் பேசிக்கொண்டே இருந்தால் தானே நின்றுகொள்ளும். இதில் அந்த வசதிகள் இல்லை. மற்றபடி நல்ல செட்.

மாப்பிள்ளைக்கு நானே பாடம் எடுத்தேன். பதினாறாம் சேனலை விட்டு நகரக் கூடாது. எல்லாப் படகும் கரை நிலையமும் காதை வைத்திருக்கும் சேனல் அது, ஊர்க்கதை பேச அல்ல. மைக்கின் பக்கவாட்டில் உள்ள கட்டையை அமுக்கினால் நாம் பேசலாம், செட்டில் சிவப்பு விளக்கு எரியும். கையை எடுத்தால்தான் எதிராளி பேசுவது கேட்கும். ஆபத்து என்றால் மூன்று தடவை 'மேடே', படகின் பெயர், இருக்கும் இடம், எத்தனை பேர், என்ன ஆபத்து. சொல்லி முடித்துக் கையை எடுக்க வேண்டும். உன் புருஷன் ஒவ்வொரு தடவையும் இடத்தை விட்டுவிடுகிறார். "பரவால்ல, எங்க இருக்கீங்கன்னு கரையில இருக்கவன் கேப்பான். நீங்க கைய எடுத்தா போதும்" என்று சொல்லியிருக்கிறேன்.

இரண்டு பேர் போகிற சின்னப் படகுதான். ஓட்டுகிற கமருதீன் பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர், தங்கமான மனிதர். தை மாதம் நான் ஊருக்கு வருகிறேன். அரியலூரில் சுமதி வீட்டில் நாள் குறித்துவிட்டார்கள். அதற்குள் கோபத்தை மூட்டை கட்டு. தாலியில் மற்ற முடிச்சுகளைப் போட நாத்தனாரை வாடகைக்கா எடுக்க முடியும்?

அறிவரசன்


பாடாலூர்
8 அக்டோபர் 2023

அண்ணனுக்கு,

தைலம் வந்தது, கடிதமும் வந்தது. அம்மாவுக்கு எழுத்து தெரியாதது எனக்கு எவ்வளவு வசதி என்று உனக்குத் தெரியாது. ஆன்டெனா, ஃபியூஸ் எல்லாவற்றையும் தாண்டிவிட்டு, 'என் தங்கச்சி வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேன், என்னை மன்னிக்க வேண்டாம்' என்று நீ எழுதியிருப்பதாகப் படித்தேன். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் பாவமாக இருந்தது, உள்ளதைப் படித்தேன். என் வாயிலிருந்து வருவதுதான் உன் எழுத்து என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

நீ மாட்டிய செட்டைப் பற்றி அவரும் போனில் சொன்னார். பகல் முழுக்க ஈர விறகு மாதிரி இரைகிறதாம். நடுநடுவே தெரியாத பாஷையில் யாரோ திட்டுகிறார்களாம். "ஒங்க அண்ணன் ஒரு பேயக் கொண்டாந்து தலமாட்டுல கட்டி வச்சிருக்காரு" என்கிறார். நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நீ கரையில் நின்று சிரிக்கிறாய், அவர் தண்ணீரில் இருக்கிறார். பட்டறை வேலை என்று சொல்லி என் வீட்டு வாசலில் வைத்து நீ கொடுத்த வாக்கை நான் மறக்கவில்லை.

ஆயுத பூசை வருகிறது. இங்கே இருந்தவரை காற்றடிக்கிற மெசினுக்கும் ஜாக்கிக்கும் பொட்டு வைத்துக் கயிறு கட்டாமல் அவர் கடை திறந்ததே இல்லை. செல்லியம்மன் கோயிலில் மந்திரித்த மஞ்சள் கயிறு ஒன்று, வளையமாக முடிச்சுப் போட்டே அனுப்பியிருக்கிறேன். உன் செட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து அதை மாட்ட வேண்டும். உனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, அதனால் அவர் கையாலேயே மாட்டச் சொல். முடிச்சைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் மந்திரித்தது போய்விடும். எதில் நுழைகிறதோ அதில் அப்படியே மாட்டட்டும். அவரிடமும் போனில் இதைத்தான் சொன்னேன்.

உன் கல்யாணத்துக்கு வருகிறேனா என்று கேட்டிருக்கிறாய். முதலில் அவர் கரை ஏறட்டும். அதுவரை, நாத்தனார் செத்துவிட்டாள் என்று அரியலூர்க்காரர்களிடம் சொல்லிவை.

பிரவீணா


பாடாலூர்
19 டிசம்பர் 2023

அவர் பெட்டியில் வந்து சேர்ந்தார். திறக்க வேண்டாம் என்று கூட வந்த ஆள் சொன்னார். நான் திறந்து பார்த்தேன். அதைப் பற்றி உனக்கு எழுதமாட்டேன். நீ தூங்க வேண்டாம் என்பதற்காகவே எழுதாமல் விடுகிறேன், நீயே நினைத்துப் பார்த்துக்கொள்.

கமருதீன் பாயை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். என் முப்பது நாள் துக்கம் முடிவதற்கு முன்பே, யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று லப்பைக்குடிக்காட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். இரண்டு பேரும் ஒரே தண்ணீரில் தாலி அறுத்தவர்கள் அல்லவா, சேர்ந்து அழலாம் என்று போனேன். பாயின் மனைவி வாசற்படியிலேயே நிறுத்திவிட்டார். "ஒன் வூட்டுக்காரரு அந்த ரேடியோவ அமுக்கிப் புடிச்சிக்கிட்டே இருந்தாராம்ல. காத்து வருது, திரும்புங்கன்னு மத்த படகுக்காரங்களுக்கெல்லாம் சொன்னது இவுங்களுக்குக் கேக்கவே இல்லயாம். அந்த மனுசன் பண்ண வேலையில எங்க வூட்டு ஆளும் சேந்து போயிட்டாரு" என்றார். சுற்றி இருந்த பெண்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பெரம்பலூர் வரை பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

புருஷன் செத்ததைத் தாங்கிக்கொள்வேன். இன்னொருத்தி புருஷனைக் கொன்றவன் என்று அவர் பெயர் நிற்பதைத் தாங்கமாட்டேன். கையை எடுக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாத மனிதரா அவர்? நீதானே பாடம் எடுத்தாய்? கையை எடுத்த பிறகும் கட்டை எழும்பாத மைக்கை மாட்டியவன் நீ. உன் செட்டு, உன் மைக்கு, உன் கைவேலை.

விசாரணை நடக்கிறதாமே. செட் கோளாறு என்று அதில் எழுத வேண்டும். எழுத வை. அதுவரை உன்னை அண்ணா என்று எழுதப்போவதில்லை.

பிரவீணா


துறைமுகப் பட்டறை
14 ஜனவரி 2024

பிரவீணாவுக்கு,

காரியத்துக்கு நான் வரவில்லை என்று ஊரில் பேசுகிறார்களாம். விசாரணை முடிகிறவரை என் பாஸ்போர்ட் அதிகாரிகளிடம் இருக்கிறது. கல்யாணத்தையும் தள்ளிப்போடச் சொல்லிவிட்டேன். சுமதியின் அப்பா காசிநாதன் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

கவிழ்ந்த படகைக் கரைக்கு இழுத்து வந்தபோது செட்டைக் கழற்றிக் கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். என் கையால் கழற்றினேன். மைக் நல்ல மைக். கட்டை நன்றாக எழும்புகிறது. ஒயர், ஃபியூஸ் எதிலும் குறை இல்லை. மாப்பிள்ளை மேலும் தப்பு இல்லை. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும் என்று கேட்பாய். கேட்காதே. கேட்டால் உனக்கு நல்லதில்லை.

பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தால் உயிரோடு இருந்திருப்பார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாயாம். ஒழுகுகிற ஓட்டு வீட்டில் இனி ஒரு மழைக்காலம் இருக்கமாட்டேன் என்று அவரை நச்சரித்து அனுப்பியது யார்? நான் கூப்பிட்டேன், சரி. பெட்டி கட்டிக் கொடுத்தவள் நீ. அழுது முடித்த பிறகாவது இதை யோசி.

அம்மாவைப் பார்த்துக்கொள். விசாரணை வேறு வழியில் முடியும். உன்னை இதில் இழுக்க நான் விடமாட்டேன்.

அறிவரசன்


பாடாலூர்
25 பிப்ரவரி 2024

அறிவரசனுக்கு,

என்னை இதில் இழுக்கமாட்டாயாம். என்ன ஒரு பெரிய மனசு. நானே உன்னை இழுத்துவிட்டு வந்திருக்கிறேன், கேள்.

அரியலூருக்குப் போனேன். சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து போய்ச் சேரும்போது என் வெள்ளைச் சேலை சாம்பல் நிறமாகியிருந்தது. காசிநாதன் வீட்டுக் கூடத்தில் நடுவில் போய் உட்கார்ந்தேன். கல்யாணக் களை கட்டியிருந்த வீடு, சுவரெல்லாம் புது வெள்ளை. பொட்டில்லாமல் உட்கார்ந்திருக்கும் சம்பந்தி வீட்டுப் பெண்ணை எழுந்து போ என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நான் அவசரப்படவில்லை. கூடப் பிறந்தவளின் புருஷனுக்குக் கெட்டுப்போன மைக்கை மாட்டிக் கொடுத்துக் கடலுக்கு அனுப்பினவன், உங்கள் பெண்ணுக்கு எதை மாட்டிக் கொடுப்பான் என்று மட்டும் கேட்டேன். பாஸ்போர்ட்டை ஏன் பிடுங்கி வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்கச் சொன்னேன்.

சுமதிதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. நல்ல பெண். உனக்குக் கிடைக்கக் கூடாத அளவுக்கு நல்ல பெண். நான் திரும்பும்போது நிச்சயதார்த்தத் தட்டில் வந்த சேலையை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அதை அம்மாவிடம் காட்டினேன். அம்மா என்னை ஓங்கி அறைந்தாள். பிறகு அந்தச் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இன்னும் ஒன்று. விசாரணை ஆபீசுக்கு நான் கைப்பட மனு அனுப்பிவிட்டேன். மாட்டியவன்தான் குற்றவாளி என்று எழுதியிருக்கிறேன். இனி எந்த வழியில் முடிகிறதென்று பார்.

பிரவீணா


துறைமுகப் பட்டறை
20 மார்ச் 2024

பிரவீணா,

சுமதி போன் செய்தாள். "ஒங்க தங்கச்சி சொன்னது பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் அப்பாகிட்ட சண்ட போட்டு நிக்கிறேன்" என்றாள். பொய் என்று சொன்னால் அடுத்து எது உண்மை என்று கேட்பாள். நான் வாய் திறக்கவில்லை. அவள் வைத்துவிட்டாள். உன்னைக் காப்பாற்ற அவளை விட்டேன். இனி காப்பாற்ற எதுவும் இல்லை.

இந்த உறைக்குள் மஞ்சள் கயிறு ஒன்று இருக்கிறது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படி.

ஆயுத பூசை அன்று நான் வேறு துறையில் வேலையாக இருந்தேன். மாப்பிள்ளை தானே சந்தனம் குழைத்திருக்கிறார், தானே கயிற்றை எடுத்திருக்கிறார். அந்த வளையம் செட்டின் உடம்பில் நுழையாது, குமிழில் நிற்காது. கையளவு இருக்கிற மைக்கில்தான் நுழையும். பிரிக்காதே என்று சொன்னவள் நீ. அவர் பிரிக்கவில்லை, மைக்கின் இடுப்பில் மாட்டிவிட்டார். மாட்டும்போது தளர்வாகத்தான் இருந்திருக்கும். பருத்திக் கயிறு அது. மழையில் நனைந்த கயிற்றுக் கட்டில் எப்படி முறுக்கிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். கடல் தண்ணீர் தெறிக்கத் தெறிக்க, காயக் காய, அது இறுகிப் பேசுகிற கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்திருக்குமே என்பாய். எரிந்தது. செட்டுக்கு நெற்றி மாதிரி இருக்கிற இடத்தில்தான் அந்த விளக்கு. அதன் மேல்தான் உன் சந்தனப் பொட்டு, கல்லாகக் காய்ந்து கிடந்தது.

கட்டை அமுங்கிக் கிடந்தால் செட் பேசும், எதையும் கேட்காது. இரைச்சல் நின்றதும், கயிறு கட்டினதில் பேய் ஒழிந்தது என்று மாப்பிள்ளை சந்தோஷப்பட்டிருப்பார்.

படகு கவிழ்ந்த அன்று கரை நிலையத்தில் இருந்தவன் மலையாளி, தமிழ் புரியும். மதியத்திலிருந்து பதினாறாம் சேனலில் அந்த ஒரு படகின் இஞ்சின் சத்தம்தான். வேறு சேனலுக்கு மாறித்தான் மற்றப் படகுகளைத் திருப்பியிருக்கிறார்கள். காற்று அடித்த பிறகு மாப்பிள்ளையின் குரல் வந்ததாம். மேடே, மேடே, மேடே. படகின் பெயர். ரெண்டு பேர். தண்ணி ஏறுது. நான் சொல்லிக் கொடுத்த அத்தனையும் சொன்னார், இடத்தைத் தவிர. எங்கே இருக்கிறாய், எங்கே இருக்கிறாய் என்று இவன் தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறான். அவர் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார். நான்தான் கையை எடுத்தால் போதும் என்றேனே. பிறகு பாயிடம் சொன்னாராம், "ஒருத்தனும் பதில் சொல்ல மாட்டேங்குறான் பாய். யாருக்கும் கேக்கல போல." துறைமுகம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டு நின்றது, பிரவீணா.

செட்டைக் கழற்றும்போது அதிகாரி பார்ப்பதற்குள் கயிற்றை அறுத்துச் சட்டைப் பையில் போட்டேன். சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். பெண்டாட்டி அனுப்பிய கயிறு என்று எந்தக் காகிதத்திலும் ஏறக் கூடாது என்றுதான் செய்தேன். முடிச்சை அறுக்கவில்லை, பார், அது அப்படியே இருக்கிறது. பாடாலூரில் உட்கார்ந்துகொண்டே உன் புருஷனை அமுக்கிப் பிடித்த முடிச்சு அது. அதைப் போட்ட கை கொலைகாரக் கை. அந்தக் கையால்தான் அரியலூரில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு என் வாழ்க்கையை அறுத்துவிட்டு வந்திருக்கிறாய். உயிர் இருக்கிறவரை அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சோறு தின்னு.

அறிவரசன்


பாடாலூர்
14 ஏப்ரல் 2024

அண்ணனுக்கு,

அண்ணா என்று மறுபடியும் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முதல் தடவையாக எதையும் சேர்க்கவில்லை, எதையும் விடவும் இல்லை. அந்த முடிச்சு என்னுடையது என்று நினைத்துக்கொண்டு எழுதிவிட்டாய். கோயிலுக்குப் போனது அம்மா. பூசாரியிடம் கயிற்றை வாங்கி, முழங்கால் வலியோடு அங்கேயே உட்கார்ந்து வளையம் போட்டு முடிச்சிட்டது அம்மா. எனக்குப் போடத் தெரியாது என்று என் கையில் கயிற்றைக் கொடுக்கவே இல்லை. பருத்திமார் விறகைக் கட்டிக் கட்டி முதுகு வளைந்தவள், அவள் போட்ட கட்டு வண்டியில் பெரம்பலூர் போய்ச் சேர்ந்தாலும் தளராது என்று பண்ணையில் சொல்வார்களே, அந்த முடிச்சு. பிரிக்காதே என்று எழுதியது மட்டும்தான் நான்.

கொலைகாரக் கை என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன். அம்மா "படி" என்றாள். முடிவுவரை படித்தேன். கயிற்றைக் கேட்டு வாங்கி, முடிச்சை விரலால் நெருடிப் பார்த்தாள். "எம் முடிச்சுதான்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் வலது கையால் எதையும் தொடுவதில்லை. சோற்றை நான்தான் ஊட்டுகிறேன். கொண்டை முடிவதில்லை, தலைமுடி விரிந்தபடி கிடக்கிறது. ஆட்டுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு போனால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பிடித்துக் கட்டமாட்டாள். பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் போனில் நீ கூப்பிட்டாய் என்று போனை நீட்டினார்கள். அம்மா வாங்கவில்லை. "தேத்தறதுக்கு எதையாச்சும் சொல்லுவான். மனசுல உள்ளத எழுதிட்டான்ல" என்றாள்.

நீ இப்போது எதைச் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள். சர்க்கார் முத்திரை குத்திய காகிதம் என்றால் நம்புவாள். பட்டாவையும் ரேஷன் கார்டையும் சாமி படத்துக்குப் பின்னால் வைக்கிறவள் அல்லவா. கயிற்றால் இல்லை, மைக் கெட்டுப்போய்த்தான் நடந்தது என்று விசாரணையில் எழுதிக் கொடு. முத்திரையோடு நகல் வரட்டும். நான் படித்துக் காட்டுகிறேன்.

பிரவீணா


9 மே 2024

பிரவீணா,

எழுதிக் கொடுத்துவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது.

மைக்கின் கட்டைக்குக் கீழே உள்ள ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தது, அது தெரிந்தே மாட்டினேன், பிறகு தப்பை மறைக்க வேறு ஸ்பிரிங் மாற்றினேன் என்று எழுதியிருக்கிறேன். அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். எந்த ஸ்பிரிங் எப்படிக் கெடும் என்று எனக்குத் தெரியும், அதனால் பொய் சொல்லக் கஷ்டமாக இல்லை. எழுதிய கையோடு பட்டறையில் என் சாமான்களைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். நான் இருக்கிற இடம் மாறிவிட்டது. முகவரி எழுதவில்லை, என்னை வெளியே விடமாட்டார்கள்; பதிலை இந்த உறையைக் கொண்டுவருகிற லப்பைக்குடிக்காட்டு ஆளிடமே கொடு. தண்டனை என்னவென்று பிறகு சொல்வார்களாம். இந்தக் கரையில் இனி ஒரு செட்டிலும் கை வைக்க முடியாது. சுமதிக்கும் இந்தச் செய்தி போயிருக்கும். நீ கேட்டது எல்லாம் நடந்துவிட்டது.

இனி நான் கேட்பதைச் செய். முத்திரையை அம்மாவின் விரலால் தொட வைத்துவிட்டு, இதைப் படி. அம்மா, கயிறு மைக்கில் இல்லை. மாப்பிள்ளை அதைத் தன் மணிக்கட்டில் போட்டிருந்தார். சுமதியைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் பிரவீணாவை நோகடிக்க ஒரு பொய்யை இட்டுக்கட்டினேன். உன் முடிச்சு யாரையும் ஒன்றும் செய்யவில்லை. வலது கையால் சாப்பிடு.

மேலே உள்ளதை ஒரு வார்த்தை மாற்றாமல் படி பிரவீணா. அண்ணன் உன்னிடம் வேறு எதையும் இனிக் கேட்கமாட்டேன்.

அறிவரசன்


பாடாலூர்
16 ஜூன் 2024

அண்ணனுக்கு,

நகல் வந்தது. முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது.

முதலில் அதை லப்பைக்குடிக்காட்டுக்கு எடுத்துப் போனேன். ஆங்கிலத்தில் இருந்ததைக் கமருதீன் பாயின் மகள் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் மனைவி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார். மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டார். "வயித்தெரிச்சல்ல சொல்லிப்புட்டேன், மனசுல வச்சிக்காத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். என் புருஷனைக் கொலைகாரன் என்று சொன்ன வாய்கள் இப்போது உன்னைச் சொல்கின்றன. அதற்கு உனக்கு நன்றி சொல்கிறேன், உண்மையாகவே சொல்கிறேன்.

அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டவில்லை. காட்டப்போவதும் இல்லை.

படிக்கத்தான் நினைத்தேன். காகிதத்தைப் பிரித்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தும்விட்டேன். அப்போது அவர் குரல் காதில் விழுந்தது, ஒருத்தனும் பதில் சொல்ல மாட்டேங்குறான் பாய் என்று. நீ அதை எழுதியதிலிருந்து அந்தக் குரல் என்னை விடவில்லை. பிரிக்காதே என்று சொன்ன வாயோடு நான் எழுந்திருக்கிறேன், அந்த வாயோடுதான் படுக்கிறேன். முடிச்சைப் போட்டவள் மட்டும் ஒரு காகிதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சோறு பிசைவாளா? நீ கோபத்தில் எழுதியதுதான் உண்மை. அது அவளிடமே இருக்கட்டும். எனக்கும் துணைக்கு ஒரு ஆள் வேண்டும் அண்ணா.

யார் மூலமாவது சொல்லி அனுப்பலாம் என்று நினைக்காதே. உன் எழுத்து என்று அவள் நம்புவது என் வாயை மட்டும்தான். நகலை அடுப்பில் போடவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன். இன்னொரு முறை யாராவது அவர் பெயரை எடுத்தால் காட்ட வேண்டியிருக்கும்.

லப்பைக்குடிக்காட்டு ஆள் உன் உறையைக் கொடுத்துவிட்டுப் போனதை அம்மா பார்த்துவிட்டாள். அன்று சோறு ஊட்டும்போது, "அண்ணன் என்னடி எழுதியிருக்கான்" என்று கேட்டாள். உன் கடிதத்தை எடுத்துப் பிரித்து, அங்கே வெயில் கடுமையாக இருக்கிறது என்று எழுதியிருப்பதாகப் படித்தேன். "வேற ஒன்னும் எழுதலயா" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். வலது கையைச் சேலைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள், அடுத்த உருண்டையை ஊட்டினேன்.

பிரவீணா